மோடத்துக்குக் கொடுத்த லைன்

தொண்ணூறுகளில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் அறையில் ஒரே ஒரு டெலிபோன் லைன்தான். போனைக் கழற்றிவிட்டு, அந்த ஒயரை, கம்ப்யூட்டரிலிருந்து போன் லைன் வழியாக ஃபைல் அனுப்பும் மோடத்தில் செருகி, பெங்களூர் ஆபீசுக்கு ஒரு டிராயிங் அனுப்பிக்கொண்டிருந்தேன். "சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா ஆர்டர் போச்சு, நீயும் கிளம்பலாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

தண்ணீர் குடிக்க எழுந்து கதவை இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. தட்டினேன், கத்தினேன். வெளியே பிரஸ் மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஏசி ரிப்பேர், ஜன்னலும் கிடையாது. டிராயிங் பாதிதான் போயிருந்தது. ஒயரைப் பிடுங்கினால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். மூச்சு முட்டியும் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகுதான் பிடுங்கிப் போனில் செருகினேன்.

விஷயத்தைச் சொன்னதும் எங்கள் தொழிற்சாலையின் டெலிபோன் ஆபரேட்டர் நூர்ஜகான் அக்கா, "இவ்ளோ நேரம் ஏம்ப்பா கூப்பிடலே?" என்றார்.

"டிராயிங் போய்க்கிட்டிருந்துச்சுக்கா."

"நீ மயங்கி விழுந்திருந்தா டிராயிங்கா வந்து கதவைத் திறக்கும்? இரு, ஆளைக் கூட்டிட்டு வரேன்."

கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. மேனேஜர் திட்டியதோடு விட்டுவிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் போன் இருந்தும் ஏன் அவ்வளவு நேரம் தொடவில்லை என்று நினைத்தால், அந்த அறையைவிட என்மேல்தான் இன்றும் பயம் வருகிறது.