பவர் சப்ளையில் மட்டும் குறைக்காதே

நான்காவது முறையும் இல்லை என்று தெரிந்த அன்று, நானும் கணவரும் புதுச்சேரியிலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். குழந்தைக்காக ஆறு வருடமாகப் போய்வந்த ஆஸ்பத்திரி. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கென்று வங்கியில் பணமும் போட்டு வைத்திருந்தோம். குறிஞ்சிப்பாடியில் பேருந்து நின்றபோது, பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன்.

“போதுங்க. இனிமே என்னால முடியாது.”

கண்ணைத் திறந்தார். “சரி. உன் இஷ்டம்.”

“அந்தப் பணத்துல கொஞ்சம் எடுத்து எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாமா? கேம் ஆடறதுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. வடலூர் தாண்டிய பிறகு, “எவ்வளவு ஆகும்?” என்றார்.

அந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில்தான் நான் போனில் கேம் ஆடப் பழகினேன். அங்கே பக்கத்தில் இருக்கும் பெண்ணோடு பேச முடியாது. பேச ஆரம்பித்தால் இது எத்தனையாவது தடவை என்பதில்தான் வந்து நிற்கும். அதனால் தலையைக் குனிந்துகொண்டு போனில் கார் ஓட்டினேன். பிறகு, பெரிய கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும் ஒரு கேமை யாரோ ஆடுவதை வீடியோவாகப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் காடும் மழையும் ஆறும் வரும், யாரும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் எனக்கு அந்தக் காட்டில் நடக்க வேண்டும் போலிருந்தது.

அறுபதாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்தோம். அந்த விலைக்குக் கடையில் கிடைக்கும் எதிலும் இந்த கேம் ஓடாது. பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டினால்தான் உண்டு. படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டுதான் இதில் பெரிய செலவு. கணக்குப் போடுகிற புராசசர், இரண்டையும் தாங்குகிற மதர்போர்டு, ஓடும்போது நினைவில் வைத்துக்கொள்கிற ரேம், எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை என்று மற்றவை. ஒன்றை நல்லதாகப் போட்டால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். காலையில் ஒரு பட்டியல் எழுதினால் சாயங்காலத்துக்குள் ரேம் விலை ஏறியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. புராசசருக்குப் பொருந்தாத மதர்போர்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆர்டர் போடும் நேரத்தில் கண்டுபிடித்து நிறுத்தியதும் உண்டு. உடம்பெல்லாம் ஊசி போட்ட வலி இன்னும் போகாத நாட்கள் அவை. ஆனாலும் ஆஸ்பத்திரித் தாள்களைப் படிப்பதைவிட இது தேவலை என்று படித்துக்கொண்டிருந்தேன்.

கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் எலக்ட்ரீஷியன். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். நான் எதிரே உட்கார்ந்து பட்டியலை வாசிப்பேன். பாதிச் சாப்பாட்டில் அவருக்குக் கண் செருகும். ஒருநாள், பவர் சப்ளையை மலிவானதாகப் போட்டால் இன்னும் கொஞ்சம் நல்ல கார்டு வாங்கலாம் என்று வாசித்தபோது சட்டென்று நிமிர்ந்தார்.

“அது வேணாம். கார்டுல குறை, ரேம்ல குறை. பவர் சப்ளைல மட்டும் குறைக்காத.”

“கார்டுதாங்க முக்கியம்.”

“மட்டமானதைப் போட்டா ஒருநாள் அது போகும். போறப்ப மத்ததையும் எடுத்துட்டுப் போகும். தினமும் பாக்கறேன்.”

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததென்று தெரியவில்லை. “ஆறு வருசமா எதைக் கேட்டாலும் உன் இஷ்டம், உன் இஷ்டம். ஒரு தகரப் பெட்டிக்கு மட்டும் பிடிவாதமா?” என்று கத்தினேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “இது எனக்குத் தெரிஞ்ச விஷயம்” என்றார். “அதுல எனக்கு என்ன தெரியும் சொல்லு?”

நல்ல பவர் சப்ளையாகவே வாங்கினோம். புதுக் கார்டுக்குப் பணம் போதவில்லை. சேத்தியாத்தோப்பில் ஒருவர் பழைய கார்டு விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். வார விடுமுறையில் இருவரும் போனோம். விற்பவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை ஓட்டிக் காட்டினார். “மைனிங்ல ஓட்டுன கார்டு இல்லீங்க. நான்தான் ரெண்டு வருசமா கேம் ஆடிகினு இருந்தேன்” என்றார்.

கணவர் தன் சுரங்கத்தை நினைத்துக் குழம்பிப்போய், “மைன்ஸ்ல இந்தக் கார்டுக்கு என்ன வேலை?” என்றார். இணையத்தில் காசு உண்டாக்க ராப்பகலாக ஓட்டித் தேய்த்த கார்டுகளைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

கார்டைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே அந்த மனிதர் கேட்டார்: “பையனுக்குங்களா? எந்த கிளாஸ் படிக்கிறான்?”

நான் தரையைப் பார்த்தேன். கணவர் நிதானமாகச் சொன்னார்: “பையன் இல்லீங்க. இவங்கதான் ஆடப்போறாங்க.”

திரும்பும் பேருந்தில் கார்டு என் மடியில் இருந்தது. முன் சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி அவர் சொன்னார்: “எனக்கு ரெண்டாவது தடவையே போதும்னு இருந்துச்சு. சொன்னா, இவருக்கு ஆசையே இல்லன்னு நீ நினைச்சுக்குவியோன்னு பயம்.”

எனக்கும் இரண்டாவது முறையே போதும் என்றுதான் இருந்தது. அவர் ஏமாந்துபோவாரே என்றுதான் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் போனேன். அதை அவரிடம் சொன்னேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத ஒரு அசதி, இறங்கும்வரை இருவர் மேலும் கிடந்தது.

அடுத்த விடுமுறை நாளில் தரையில் போர்வை விரித்து எல்லாவற்றையும் பூட்டினோம். சுவிட்சைப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் டார்ச் அடித்து ஒவ்வொரு வயராக அழுத்திப் பார்த்தார். புராசசருக்குப் போகும் வயர் சரியாக ஏறாமல் நின்றிருந்தது. அழுத்தியதும் மின்விசிறிகள் சுற்றின. “ஓடுது” என்றார். இருவருக்கும் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. சோறு வடித்துச் சாப்பிட்டோம்.

இணையத்திலிருந்து கேம் இறங்கி முடிய மறுநாள் மதியம் ஆனது. அவர் இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு தனியாக உட்கார்ந்தேன். காடு வந்தது, மழையும் வந்தது. கேமில் கொடுத்த வேலை எதையும் செய்யாமல் ஆற்றோரமாக நடந்தேன். முக்கால் மணி நேரத்தில் கண் வலித்தது. அணைத்துவிட்டுப் படுத்தேன்.

இப்போதும் தினமும் ஆடுவதில்லை. சில நாள் பாதியில் அழுகை வந்தால், நிறுத்தி வைத்துவிட்டு அழுவேன். அவர் வீட்டில் இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவார். ஷிப்ட் களைப்பில் அப்படியே தூங்கியும் போவார். நான் எழுப்புவதில்லை, சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆடுவேன்.