பப்லுவுக்கு மூன்று பொட்டலம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் கிறிஸ்டினாவுக்குப் பிள்ளையில்லை. பஸ் ஸ்டாண்டில் மழையில் நடுங்கிக் கிடந்த நாய்க்குட்டியை எடுத்துவந்து பப்லு என்று பேர் வைத்து வளர்த்தாள்.

போன ஆடியில் பப்லு நொண்டத் தொடங்கியது. ஒரு நாள் முன்கால், மறுநாள் பின்கால். காய்ச்சல் வேறு. வேலூரில் நாய் டாக்டரம்மா மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். ரத்தத்தில் விட்டமின் டி-யும் குறைந்திருந்தது.

"அதனாலதான் இந்த நோய் வந்துச்சா டாக்டர்?"

"இந்த நோய் வந்த நாய்ங்களுக்குப் பல நேரம் அது கம்மியாத்தான் இருக்குது. எதனால எது வந்துச்சுன்னு சொல்ல முடியாது. நீங்களா எதையும் வாங்கிக் குடுத்துடாதீங்க."

பகல் மாத்திரையைப் பக்கத்து வீட்டு மரியம்மாள் கொடுத்தாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். இட்லிக்குள் மாத்திரையை ஒளித்து ஊட்டுவாள், பக்கத்தில் உட்கார்ந்து கால் நீவிவிடுவாள். மூன்று வாரத்தில் பப்லு நன்றாக நடந்தது. நடந்து நேராக மரியம்மாள் வீட்டுக்குத்தான் போனது.

சாயங்காலம் கிறிஸ்டினா வந்து கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, மரியம்மாள் காலடியிலேயே படுத்துக்கொள்ளும்.

"என் கையால குடுத்தாத்தான் இதுக்கு உள்ள இறங்குது" என்று மரியம்மாள் சிரித்தாள். கிறிஸ்டினாவுக்கு வயிறு எரிந்தது. அன்று சோறு பிடிக்கவில்லை. மறுநாள் வேலையில் இரண்டு முறை ஊசியை உடைத்தாள்.

டாக்டர் சொன்ன விட்டமின் டி குறையையாவது தன் கையாலேயே சரிசெய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. மெடிக்கலில் மனிதர்களே வாரத்துக்கு ஒன்றுதான் சாப்பிடும் விட்டமின் டி பவுடர் மூன்று பொட்டலம் வாங்கினாள். தினம் ஒன்று, பாலில் கலந்து யாருக்கும் தெரியாமல் வைத்தாள். பப்லு நக்கிக் குடித்துவிட்டு அவள் கையையும் நக்கியது. அந்த மூன்று நாளும் அவளுக்குச் சந்தோஷம்.

அதற்கடுத்த நாள் வாந்தி. மறுநாள் அது எழுந்திருக்கவே இல்லை. மரியம்மாள் கம்பெனிக்குப் போன் போட்டாள். இருவரும் ஆட்டோவில் வேலூருக்கு ஓடினார்கள்.

"நான் குடுத்ததுல ஏதாவது தப்பா டாக்டர்?" என்று மரியம்மாள் அழுதாள்.

கிறிஸ்டினா அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு, "அக்கா மேல தப்பில்ல டாக்டர். நான்தான்" என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

விட்டமின் டி அளவு மீறிப்போனதில் ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றி, பப்லுவைக் காப்பாற்றினார்கள்.

மரியம்மாள் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பப்லுவ உன்கிட்ட அனுப்பியிருப்பேனே."

"சொல்ல மனசு வரலக்கா" என்றாள் கிறிஸ்டினா. "இப்பவும் அது உங்ககிட்ட ஓடுறத பாத்தா எரியுது."