தம்பிக்கு ஸ்டென்ட், எனக்கு கேஸ் மாத்திரை

என் தம்பிக்கு நெஞ்சுவலி வந்தபோது அவனுக்கு முப்பத்தைந்து வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், கூட வேலை பார்க்கிறவர்கள் அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உள்ளே போனதுமே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அன்று மாலைக்குள் ஸ்டென்ட் வைத்தாயிற்று. எங்கள் அப்பாவும் நெஞ்சுவலியில்தான் போனார் என்று அவன் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அடுத்த ஆடியில் எனக்கு வந்தது. ஆவடி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் பெரிய வலி இல்லை. தாடையிலும் முதுகிலும் ஓர் இறுக்கம், குமட்டல், ஜாக்கெட் நனைகிற வியர்வை. பக்கத்திலிருந்த கிளினிக்குக்கு நடந்தே போனேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன், தம்பியைப் பற்றிச் சொன்னேன்.

"தம்பிக்கு வந்ததைப் பாத்து பயந்துட்டீங்கம்மா," என்றார் டாக்டர். "இந்த வயசுல லேடீஸ்க்கெல்லாம் வராது. கேஸ்தான். வீட்ல டென்ஷனா?"

யார் வீட்டில்தான் டென்ஷன் இல்லை? ஆமாம் என்றேன். அவர் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு சமைத்தேன், துவைத்தேன். மறுநாள் குளியலறை வாசலில் விழுந்தேன்.

தம்பிக்கு வைத்தியம் பார்த்த அதே ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து எனக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். "லேட்டா வந்துட்டீங்க. இதயத் தசை கொஞ்சம் செத்துப்போச்சு," என்றார்கள். நானா லேட்டாக வந்தேன்?

தம்பி பிழைக்க வேண்டும் என்று நானும்தான் அம்மனிடம் அழுதேன். ஆனாலும் அவன் ஞாயிற்றுக்கிழமை வெள்ளானூரில் கிரிக்கெட் ஆடினான் என்று அம்மா பூரித்துப்போய்ச் சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கிவிட்டு நான் தரையில் உட்கார்ந்திருப்பேன். அவன் எங்கள் மாடிப்படியைத் தடதடவென்று ஏறி வருகிற சத்தமே ஆத்திரமூட்டும்.

அப்படி ஏறி வந்தவன் ஒருநாள் கேட்டான். "இன்னாக்கா, எக்சர்சைஸ் கிளாஸுக்குப் போறியா?"

"என்ன கிளாஸ்?"

"ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு நடக்க சொல்லித் தர்றாங்களே. எனக்கு டிஸ்சார்ஜ் அன்னிக்கே எழுதிக் குடுத்தாங்க. உனக்குச் சொல்லலியா?"

அதுவும் அவனுக்குத்தானா! அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானேம்மா," என்றார்.

"என் தம்பி நாள் பூரா மெஷின்கிட்ட நின்னு வேலை செய்றவன் சார். அவனுக்கு மட்டும் எதுக்கு எழுதினீங்க?"

பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தார்.

இப்போது அண்ணனூரில் ரயிலேறி அந்தப் பயிற்சிக்குப் போய் வருகிறேன். கூடத்தில் எல்லோரும் ஆண்கள். பக்கத்து டிரெட்மில்லில் யாராவது வேகமாக நடந்தால் அவர்மீதும் பொறாமை வருகிறது, உடனே என் வேகத்தைக் கூட்டுகிறேன். "மெதுவா, மெதுவா," என்று பயிற்சி கொடுக்கும் பெண் ஓடி வருவாள். போன வாரம் அவளிடம், என் தம்பி இதில் எவ்வளவு நேரம் நடந்தான் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் இன்னும் அதில் பாதியைத் தொடவில்லை.