பருந்துக்குப் பசியில்லை

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கார்டினில் மணிச் சத்தம் கேட்டது.

பூசை மணி அல்ல. சலங்கையில் ஒன்றைக் கழற்றி எடுத்ததுபோலச் சின்னப் பித்தளை மணி. அதன் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். நானே பருந்தின் காலில் கட்டிய மணி அது. பிரச்சினை என்னவென்றால், அந்தப் பருந்து செவ்வாய்க்கிழமையே தொலைந்துவிட்டது.

ஆம், பருந்துதான். கண்ணைக் கசக்க வேண்டாம், சரியாகத்தான் வாசித்தீர்கள்.

லண்டனுக்கு வந்த எங்கள் ஆள் என்ன செய்வான்? இரண்டு ஷிப்ட் அடிப்பான், வீடு வாங்குவான், பழைய மாணவர் சங்கம் தொடங்குவான், அடுத்த வருடம் அதை இரண்டாக உடைப்பான். நான் எல்லாவற்றையும் செய்து அலுத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் பஸ் டிப்போவில் என்னோடு வேலை செய்யும் கென் என்ற வெள்ளைக்காரன், பருந்து விட்டு முயல் பிடிப்பதைப் பார்க்க ஹைனால்ட் பக்கம் கூட்டிப் போனான். எங்கோ தூரத்து மரத்திலிருந்து ஒரு பருந்து தாழப் பறந்து வந்து அவன் கையில் இறங்கியது. அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அது எப்போதோ பிடித்துவிட்டது என்பது என் மனைவி சாந்தியின் கருத்து.

சாந்தி இந்தப் பத்தியை வாசிப்பதில்லை. "நீங்கள் வீட்டில கதைக்கிறதே காணும்" என்று சொல்லிவிட்டாள். அந்தத் துணிவில்தான் பத்திரிகையில் இதை எழுதுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவன் முதலில் என்ன வாங்க வேண்டும்? பருந்து என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை — தராசு. கென் அப்படித்தான் சொன்னான். "இது நாய் இல்லை. உன்னில் அன்பு வைத்து வராது. பசித்தால் வரும், பசியில்லையென்றால் போய்விடும். ஒரு துண்டுப் பாண் அளவு நிறை கூடினால் போதும், நீ யாரோ அது யாரோ."

ஆகவே தராசு வாங்கி, பிறகு பருந்தும் வாங்கினேன். தினமும் நிறுத்து, அளந்து, கொஞ்சம் குறைத்துத் தீனி. தீனி என்றால் உறைந்த கோழிக்குஞ்சுகள். எங்கள் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் ஐஸ்கிரீம் இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் டப்பாவில் மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள் கிடந்தன. அதற்குப் பிறகு விருந்தாளிகள் எங்கள் ஃபிரிட்ஜ் பக்கம் போவதில்லை.

பருந்தை மனிதருக்குப் பழக்குவது இன்னொரு கூத்து. முன்னறையில் திரைச்சீலையை இழுத்து மூடி, அரையிருட்டில், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். அதன் கண்ணை நேரே பார்க்கக் கூடாது. பார்த்தால், தன்னைத் தின்னப் போகிறான் என்று நினைக்குமாம்.

நான் பார்க்கவில்லை. அதுவும் என்னைப் பார்க்கவில்லை. முன்கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. டிவி ஓடினாலும் அங்கேதான் பார்வை, தெருவில் கார் கதவு அடித்தாலும் அங்கேதான். கதவுக்கு வெளியே யாரோ வந்து பெல் அடிக்காமல் நிற்பதுபோல... ஒருநாள் நானே எழுந்துபோய்த் திறந்து பார்த்தேன். வெறும் தெரு.

"ஆரைப் பாக்குது?" என்று சாந்தி கேட்டாள்.

"ஆரையும் இல்லை."

அவள் நம்பவில்லை. அந்தக் கதவுக்கு அவள் ஒருநாளும் சங்கிலி போட்டதில்லை. அவளுடைய தம்பி ரவியை ஊரில் ஒரு சந்தியில் யாரோ மறித்து ஏற்றிக்கொண்டு போய் வருடங்களாகிவிட்டன. எங்கே, ஏன், உயிரோடுதானா — ஒன்றும் தெரியாது. அவன் படம் டிவிக்கு மேலே இருக்கிறது. மாலை போடவில்லை, போடவும் விடமாட்டாள். சண்டை தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு டெலிபோன் கிடையாது. கொழும்பிலிருந்து யாராவது கோல் எடுத்தால், சுகம் விசாரிக்கும் முன்னே "ஏதும் தெரியுமோ?" என்பாள்.

அவனுக்காகத்தான் வருடா வருடம் புரட்டாசிச் சனி விரதம். வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போய் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, சமைத்து, கார்டின் மதிலில் அவருடைய வாகனமான காகத்துக்குச் சோறு வைப்பாள். காகம் எடுத்த பிறகுதான் அவள் சாப்பாடு. அந்த மதிலுக்குப் பத்தடி தள்ளி நான் பருந்தைக் கட்டி வைத்திருந்தேன்!

காகம் வருமா? முதற்சனி ஒன்றுகூட வரவில்லை. அடுத்த சனியும் அப்படியே. அவள் பொழுதுபடும்வரை தண்ணீரோடு இருந்தாள். மூடி வைத்த சோறு அடுப்படியில் ஆறிப்போய்க் கிடந்தது. வீட்டில் இரண்டு பேர் பசியோடு இருந்தார்கள், இரண்டு பேருக்கும் காரணம் நான்.

"சனீஸ்வரன் சோத்தை ஏற்கிறார் இல்லை" என்றாள் மெதுவாக. "அவனுக்கு ஏதோ நடந்திட்டுது."

"பருந்துக்குப் பயத்தில காகம் வரேல்லை சாந்தி, வேற ஒண்டும் இல்லை" என்றேன்.

செவ்வாய்க்கிழமை, கயிறில்லாமல் முதல்முறை பறக்கவிடும் நாள். காலையில் நிறுத்தேன், கணக்குச் சரி. வான் வண்டிக்குப் பெட்ரோல் அடித்துவிட்டு வந்து ஏற்றிக்கொண்டு போனேன். வயலில் கென் காத்து நின்றான். கை உயர்த்தினேன். பருந்து எழும்பி ஒரு மரத்தில் போய் இருந்து, என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. டியூப் ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு மணி கிணுகிணுக்க மரங்களுக்கு மேலால் போய்விட்டது.

"தொண்டைக்குக் கீழே வீங்கியிருந்ததே, கவனிக்கவில்லையா?" என்றான் கென். "இப்போதுதான் வயிறுமுட்டச் சாப்பிட்டிருக்கிறது. காலில் கட்டிய தோல் வார் வேறு இருக்கிறது. எங்கேயாவது கிளையில் சிக்கினால் தலைகீழாய்த் தொங்கியே செத்துவிடும். இனிக் காகங்களைக் கேள். பருந்து எங்கே நின்றாலும் அவை கூடிக் கத்தும்."

வீட்டுக்கு வந்தேன். "நீர் பருந்துக்கு ஏதும் சாப்பாடு குடுத்தனீரோ?" என்று சாந்தியைக் கேட்டேன்.

"ஓம்." நான் பெட்ரோல் அடிக்கப் போன நேரம், கையில் ஷொப்பிங் பையை உறைபோல மாட்டிக்கொண்டு, டப்பாவில் இளகியிருந்த அத்தனை குஞ்சையும் போட்டிருக்கிறாள்.

"ஏன் குடுத்தனீர்? அதைப் பசியில வச்சுத்தானே பழக்கிறது?"

அப்போதுதான் அவள் கேட்டாள். "காலில கட்டி, இருட்டறைக்குள்ள வச்சு, சாப்பாட்டைக் குறைச்சு... ஏன் எண்டு கேட்டால் பழக்கிறதுக்கு எண்டுறியள். எனக்கு அதைப் பாக்கப் பாக்க ஆரின்ர ஞாபகம் வரும்? இஞ்ச ஒண்டுக்கு நான் குடுத்தால், அங்க அவனுக்கு ஆரும் குடுப்பினம் எண்டு நினைச்சன்."

அந்த அரையிருட்டு அறையில் இத்தனை நாளும் அவள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது.

எங்கள் செவன் கிங்ஸ் பகுதியில் தெருத் தெருவாக விசில் ஊதிக்கொண்டு திரிந்தேன். காகங்களைக் கேட்டேன். காகமே இல்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாந்தி பருந்தைப் பற்றிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கையும் தொங்கிக்கொண்டு இருக்குமோ?"

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை.

காற்றே இல்லை. மத்தியானத்திலேயே வானம் கறுத்து, அடுப்படியில் லைற் போட வேண்டியிருந்தது. சாந்தி மதிலில் சோற்றை வைத்து "கா... கா..." என்று கூப்பிட்டாள். எங்கிருந்து வந்தனவோ தெரியாது, கூரைகளுக்கு மேலால் காகங்கள். இவ்வளவு காகங்களை லண்டனில் நான் கண்டதில்லை. ஒன்றாவது சோற்றைப் பார்க்க வேண்டுமே? எங்கள் பக்கம் சாய்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரிய மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. அந்தச் சத்தத்துக்குள்ளால்தான் மணி கேட்டது.

சாந்தி என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

இறைச்சியைக் காட்டி விசில் அடித்தேன். வரவில்லை. மணி மட்டும் விட்டு விட்டு, ஒரே இடத்தில் கேட்டது. தொங்குகிறதா? ஷெட்டிலிருந்து ஏணியை இழுத்துவந்து சாத்தினேன். முதற்படியில் கால் வைத்ததும் அத்தனை காகமும் ஒன்றாய் வாயை மூடின. அந்த அமைதியில் மணி இன்னும் இரண்டொரு தரம் அடித்தது, என் தலைக்கு நேர் மேலே. ஏறினேன். இலையை விலக்கினேன். மணி நின்றது.

"ஏதும் தெரியுதோ?" என்று கீழிருந்து கேட்டாள். கொழும்புக் கோலில் கேட்கும் அதே குரல்.

நான் இறங்கி வந்துதான் பதில் சொன்னேன். "நிண்டது. என்னைக் கண்டிட்டு அங்கால பறந்திட்டுது. ஒண்டிலையும் சிக்கேல்லை. தொண்டை நல்லா வீங்கியிருந்தது. ஆரோ சாப்பாடு போடுகினம் போல. இனி வராது."

"சாப்பாடு கிடைச்சால் வராதோ?"

"வராது."

அவள் மதிலைப் பார்த்தாள். சோறு இருந்த இலை வெறுமையாய்க் கிடந்தது. எந்தக் காகம், எப்போது எடுத்தது? நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. சாந்தி உள்ளே போய், தட்டில் சோறு போட்டு, பல நாள் பட்டினி கிடந்தவள்போலச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"அவனுக்கும் ஆரோ சாப்பாடு போடுகினம். அதுதான் வரேல்லை."

வாசகர்களே, நான் ஏறியபோது அந்த மரத்தில் பருந்து இல்லை. வார் இல்லை, ஒரு இறகுகூட இல்லை. மணிச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

சாந்தி இந்தப் பத்தியை வாசிப்பதில்லை... கோயிலில் கண்டால் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.