பற்றிஸ் மேசைக்குப் பின்னால்

எழுபதுகளில் மெல்பேர்னில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பின் நடன விழாவுக்கு இசைக்குழு பிடிக்கக் காசு இல்லை. கார் கழுவலாம், கேக் விற்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மாவுக்குள் மீன் வைத்து மடித்து அம்மா பொரிக்கும் பற்றிஸை விற்கலாம் என்றது நான்தான். அம்மாவும் சலிக்காமல் பொரித்துத் தந்தார். வரிசையில் நின்று வாங்கினார்கள். இசைக்குழு வந்தது.

விழாவன்று புதுச் சட்டையோடு வெளிக்கிட்ட என்னை அப்பா மறித்தார்.

"காசு சேர்க்கத்தானே விட்டனான். பொம்பிளைப் பிள்ளையை ஆடவோ விட்டனான்?"

குசினிக்குள்ளிருந்து அம்மா சொன்னார்: "அங்கையும் பற்றிஸ் விக்க ஆள் வேணுமாம். போகட்டுமே."

அப்பா சம்மதித்தார். ஆனால் வெளியே காரில் காத்திருப்பதாக அம்மாவிடம் சொல்லிக் கூட வந்தவர், உள்ளேயே வந்து பற்றிஸ் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். என் யோசனையால் வந்த இசைக்கு எல்லோரும் ஆடினார்கள். நான் பற்றிஸைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தோழி சூசன் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆசையாகக் கேட்டார்: "நல்லா ஆடினியோ பிள்ளை?"

"ஓம்," என்றேன்.

அப்பாவை ஏமாற்றி என்னை ஆட அனுப்பிவிட்டதாக அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பாவை எப்போதோ மன்னித்துவிட்டேன். அம்மாவின் அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.