இங்கிலீஷ் ஆம்ப்ளிஃபையருக்கு வயசு சொன்னது

மார்த்தாண்டத்தில் நாற்பது வருஷமாக ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்க்கிறேன். அதோடு வயசு சொல்வதும் உண்டு. கிடாரோடு இணைக்கிற பழைய இங்கிலீஷ் வால்வு ஆம்ப் எதுவானாலும், முதுகுப்பலகையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தால் எந்தக் காலத்துச் சாமான் என்று சொல்லிவிடுவேன். வெளியே ஒட்டியிருக்கிற பெயரை நம்பக் கூடாது, அதை எவனும் மாற்றி ஒட்டுவான். உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரின் மேல் செய்த வருஷமும் வாரமும் எண்ணாக அச்சடித்திருக்கும். யாரும் கேட்காமலேயே இதையெல்லாம் விளக்குகிற பழக்கம் எனக்கு. கல்யாணப் பந்தியில்கூட விளக்கியிருக்கிறேன்.

போன வருஷம் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு ரிட்டயர்ட் டீச்சர் அப்படி ஒரு ஆம்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே அவருடைய அண்ணன், துபாயில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வழி முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்பது இறங்கின விதத்திலேயே தெரிந்தது.

விஷயம் இதுதான். அவர்கள் ஊர் வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், பாடகர் குழுவுக்குப் புது அறை கட்டுகிறார்கள். இந்த ஆம்பை அங்கே வைத்து, கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டப் போகிறார்கள். எங்கள் பக்கம் கோயிலுக்குக் கொடுத்த டியூப் லைட்டிலேயே வெளிச்சம் பாதியாகிற அளவுக்குப் பெயர் எழுதுவார்கள். கல் என்றால் கேட்க வேண்டாம். கப்பலில் வேலை பார்த்த அப்பா இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்தது என்றார் டீச்சர். நான் துபாயில் வாங்கி அனுப்பியது என்றார் அண்ணன். அப்பா இறந்தபோது டீச்சர் எட்டாம் கிளாஸ். அண்ணன் துபாய்க்குப் போனது அதற்கு ஆறு வருஷம் கழித்து.

"அப்பா மரிக்கதுக்கு முந்தி உள்ளதா, பிந்தி உள்ளதா, அதை மட்டும் சொல்லுங்க அண்ணே. நீங்க சொன்னா பங்குச் சாமியாரு கேட்டுக்கிடுவாரு" என்றார் டீச்சர் என்னிடம்.

பலகையைக் கழற்றினேன். நாலு பெரிய கெப்பாசிட்டர், நாலிலும் எண் பளிச்சென்று இருந்தது. அப்பா இறந்து ஏழு வருஷம் கழித்துச் செய்தவை. டிரான்ஸ்ஃபார்மரிலும் தேதி முத்திரை இருக்கும்தான். ஆனால் அதன் மூடியில் ஸ்க்ரூ நாலும் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. கழற்ற ஒரு மணி நேரமாவது பிடிக்கும். எனக்கோ பசி.

"பிந்திதான் டீச்சர். இது அப்பா காலத்துச் சாமானே இல்லை."

"நான் அப்பமே சொன்னம்லா!" என்று அண்ணன் எல்லாருக்கும் சர்பத் சொன்னார். நான் வெட்கமில்லாமல் குடித்தேன். டீச்சர் தொடவில்லை.

"அப்பா இதுல வாசிச்சது எனக்கு நல்ல ஓர்மை இருக்கே அண்ணே" என்றார்.

"ஓர்மை தப்பும் டீச்சர், கெப்பாசிட்டர் தப்பாது" என்றேன். அந்த வாயில் சூடு போட வேண்டும்.

ஆம்பில் கொஞ்சம் இரைச்சல் இருந்ததால் அதைச் சரிபண்ணச் சொல்லி விட்டுவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் என் மனைவி நெயில் பாலிஷைத் தேடிக்கொண்டு கடைக்கு வந்தாள். கடற்கரைச் சாமான் எது வந்தாலும், ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைப்பேன். உப்புக்காற்று அரிக்காது. கடை தொடங்கின நாளிலிருந்து உள்ள வழக்கம். மற்ற மெக்கானிக்குகள் பொட்டுக்காரன் என்று என்னைக் கேலி பண்ணுவார்கள்.

திறந்து கிடந்த ஆம்பை அவள் எட்டிப் பார்த்தாள். "இதுக்கும் வச்சாச்சா?"

"அதை நான் இன்னும் தொடவே இல்லட்டி."

"பின்ன இந்தப் பொட்டெல்லாம் யாரு வச்சா, வெள்ளக்காரனா?"

குனிந்து பார்த்தேன். நாலு கெப்பாசிட்டரின் காலிலும் மங்கிப்போன சிவப்புப் பொட்டு. அன்றைக்கும் கண்ணில் பட்டதுதான், தினமும் பார்க்கிறதால் உறைக்கவில்லை. கடை தொடங்கின புதிதில் யாரோ கோயில் மைக் செட்டோடு இதையும் கொண்டு வந்திருக்க வேண்டும். வெளிநாட்டு செட்டு எது செத்தாலும் பிரித்து, அதிலுள்ள நல்ல கெப்பாசிட்டரை எடுத்து ரிப்பேருக்கு வந்த சாமானில் மாட்டுவேன் அப்போது. ஆக, நான் வயசு சொன்னது ஆம்புக்கு இல்லை, என் கைவேலைக்கு.

"போய்ச் சொல்லுங்க. தப்பா சொல்லும்போ வாய் வலிச்சா?" என்றாள்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி அந்த நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். டிரான்ஸ்ஃபார்மரில் முத்திரை இருந்தது. அப்பா இறப்பதற்கு அஞ்சு வருஷம் முந்தைய தேதி.

மறுநாள் ஆம்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கோயிலுக்குப் போனேன். சாமியார், அண்ணன், டீச்சர் மூன்று பேர் முன்னாலும் நெயில் பாலிஷ் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் சிரிக்கத் தொடங்கி, டீச்சர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

"நான் பழசாட்டு வாங்கி அனுப்பியிருப்பேன்" என்றார் அண்ணன், குரல் இறங்கிப்போய்.

அதையும் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. செய்த காலம்தான் உள்ளே எழுதியிருக்கும், வாங்கினவர் பெயர் எந்த டிரான்ஸ்ஃபார்மரிலும் இருக்காது. சாமியார் இரண்டு பேர் பெயரையும் வெட்டிவிடலாம் என்றார். அண்ணன் உடனே சம்மதித்தார். டீச்சரும் தலையாட்டினார், வாதாடுவார் என்று எதிர்பார்த்த எனக்கு அது என்னவோ போலிருந்தது.

வெளியே வந்ததும் பின்னாலேயே போய், "மன்னிக்கணும் டீச்சர்" என்றேன்.

"கல்லுல யாரு பேரும் கெடக்கட்டும் அண்ணே" என்றார். "நீங்க சொன்னப்பெறவு இந்த அஞ்சு நாளும் அப்பா கிடார் வாசிக்கதை நினைச்சு நினைச்சுப் பாத்தேன். ஜன்னலடியில அப்பா இருக்காரு, கையில கிடாரும் இருக்கு. பக்கத்துல இருந்த ஆம்பைத் தப்புன்னு நெனச்சு நானே மனசுல இருந்து எடுத்து மாத்திட்டேன். இப்பம் திரும்ப வைக்கப் பாக்கேன், இருக்க மாட்டேங்குது."