பத்து டன் இயந்திரமும் ஆறு டன் ஐஸும்

ஐஸ் ஆலையில் குமாஸ்தாவுக்குக் குளிரால் ஒரு தொல்லையும் இல்லை. இயந்திரத் தகட்டில் உள்ள இங்கிலீஷ் கணக்கை நாலு பேருக்குத் தமிழில் சொல்லிப் புரியவைப்பதற்குள்தான் வேர்த்துக் கொட்டிவிடும். விற்பவர் ஒரு கணக்கும் வாங்குபவர் ஒரு கணக்கும் பேச, நடுவில் நின்று விழித்தவர்களுக்கு என் பாடு தெரியும். உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், தூத்துக்குடியில் எங்கள் ஆலைக்குப் 'பத்து டன்' இயந்திரம் ஒன்று வந்தது.

மீதி எங்கே?

கப்பல் தூரத்தில் நிற்கும். சரக்கு தோணியில்தான் கரைக்கு வரும். பத்து டன் என்றதும் இருப்பதிலேயே பெரிய தோணியைப் பேசிவிட்டேன். இறங்கிய பெட்டிகள் எல்லாம் சேர்ந்து மூன்று டன்தான். பத்து டன் என்பது எடை அல்ல, பத்து டன் ஐஸ் ஒரு நாளில் உருகினால் எவ்வளவு குளிர்ச்சி கிடைக்குமோ அந்தத் திறன் என்று தோணியை ஓட்டிவந்த தண்டலுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிதான் வே, மீதி ஏழு டன்னு எந்தக் கப்பல்ல வருது?"

ஏழரை

இயந்திரத்தை ஓட்ட முதலாளி முப்பது குதிரைச் சக்தி மோட்டார் கேட்டிருந்தார். வந்ததன் தகட்டில் இருபத்திரண்டரை கிலோவாட் என்று இருந்தது. ஒரு குதிரைச் சக்தி என்றால் ஏறக்குறைய முக்கால் கிலோவாட், ஆகவே ஒன்றும் குறையவில்லை என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மனசுக்குள் கழித்துப் பார்த்து முகம் கறுத்துவிட்டார். "ஏலே, குறைஞ்சதுதான் குறைஞ்சுது, போயும் போயும் ஏழரையா குறையணும்?"

மிக்கேல் அண்ணாச்சியின் சீலா

இங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். மீன் வியாபாரி மிக்கேல் அண்ணாச்சியிடம், "தினம் பத்து டன் ஐஸ் தருவோம்" என்று வாக்குக் கொடுத்தவன் நான். அதை நம்பி அவர் இயந்திரம் ஓடிய முதல் நாள் கரைக்கு வந்த சீலா மீன் முழுவதையும் வாங்கிவிட்டார். ஐஸில் வைத்து மதுரைக்கு ரயிலில் அனுப்ப ஏற்பாடு.

இயந்திரம் கொடுத்தது ஆறு டன். நம் ஊர்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. அதை உறையும் அளவுக்குக் கொண்டுவருவதிலேயே திறனில் நல்ல பங்கு போய்விடும். அதைக் கழிக்க எனக்குத் தோன்றவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. என் கணக்கால் அவர் மீன் கெடுகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணாச்சி திட்டவில்லை. ஐஸ் எட்டாத மீனைக் கீறி உப்புப் போட உட்கார்ந்துவிட்டார். நானும் உப்புக் கூடை தூக்கினேன். மன்னிப்புக் கேட்டதோடு வாயை மூடியிருக்கலாம். "தகட்டுப்படி பத்து டன்தான் அண்ணாச்சி" என்றும் சொல்லித் தொலைத்தேன். அவர் நிமிரவில்லை. "தகட்டுல எழுதிருக்கத மீனு வாசிக்காதுல்லா தம்பி."

அன்றிலிருந்து யார் கேட்டாலும் டன்னை விட்டுவிட்டு ஐஸ் கட்டிகளை எண்ணித்தான் சொல்கிறேன். எண்ணி முடிப்பதற்குள் உருகுகிறது என்பதைத் தவிர அந்தக் கணக்கில் ஒரு குறையும் இல்லை.